மில்லிகன் வளைவு

பந்தயப் பாதைகளில் வளைவுகளுக்கு ஆட்களின் பெயரை வைப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் ஜெயித்தவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் போனால் கரச்சியோலா பெயரில் ஒரு வளைவு. பிரேசிலில் இன்டர்லாகோஸ் போனால் சென்னா பெயரில் ஒரு வளைவு. இரண்டு பேருமே சாம்பியன்கள். ஆனால் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், வாட்கின்ஸ் கிளென் என்ற சின்ன ஊரில் ஒரு வளைவுக்கு, அந்த இடத்தில் காரைக் கவிழ்த்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள்! மில்லிகன் வளைவு.

கவிழ்த்தது 1948ஆம் வருடம். கவிழ்த்தவர் வில்லியம் மில்லிகன். எல்லோருக்கும் பில் மில்லிகன். அவர் தொழில்முறை ஓட்டுநர் இல்லை. வார நாட்களில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, ஓய்வு நாட்களில் பந்தயம் என்று இருந்த ஓர் அமெச்சூர். 2012இல் தன் 101ஆவது வயதில் அவர் இறந்தபோது, "வளைவில் கார் ஏன் வழுக்குகிறது?" என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் மிக முக்கியமான ஒருவராக உலகம் அவரை அறிந்திருந்தது.

அமெச்சூர் ஓட்டுநர்கள் வளைவுகளில் என்ன தவறு செய்கிறார்கள், அந்தத் தவறை உலகம் எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இவருடைய கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை. பி.காம் படிக்கிறவனுக்கு டயரைப் பற்றி என்ன பேச்சு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான்.

ஒரு சட்ட மாணவரின் யோசனை

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். அமெரிக்காவில் அப்போது கார் பந்தயம் என்றால் பெரும்பாலும் ஓவல் பாதைதான். நீள்வட்டமாக, ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடமும் வலமும் வளைந்து, மேடு ஏறிப் பள்ளம் இறங்குகிற ஐரோப்பிய மாதிரிச் சாலைப் பந்தயம் அங்கே இல்லாமலே போயிருந்தது. ஆனால் எம்.ஜி. போன்ற சின்னச் சின்ன ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அமெரிக்காவுக்குள் வரத் தொடங்கியிருந்தன. கார் இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஓட்ட இடம் இல்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற மாணவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குப் பழக்கமான ஊர் வாட்கின்ஸ் கிளென். செனகா ஏரியின் தெற்கு முனையில் இருக்கிற ஊர். அந்த ஊரின் சாதாரணச் சாலைகளையே இணைத்து 6.6 மைல் (சுமார் 10.6 கி.மீ.) நீளத்துக்கு ஒரு சுற்று வரைந்தார். கடைத்தெருவில் கிளம்பி, மலையேறி, ஒரு கல்பாலம் கடந்து, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, மறுபடி இறக்கத்தில் இறங்கி ஊருக்குள் வர வேண்டும். சில இடங்களில் தார், சில இடங்களில் சிமென்ட், சில இடங்களில் வெறும் மண்ணும் சரளையும். பந்தயம் நடக்கும் நேரத்தில் ரயிலை நிறுத்தி வைக்க ரயில்வேயிடம் சம்மதமும் வாங்கிவிட்டார் மனிதர்!

1948 அக்டோபர் 2 அன்று பந்தயம் நடந்தது. நடத்தியது 1944இல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. அந்தக் காலத்தில் அது அமெச்சூர் விளையாட்டு என்பதில் கறாராக இருந்த சங்கம். ஓட்டியவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்து அந்தச் சம்பளத்தில் கார் வாங்கியவர்கள், அல்லது அப்பாவிடம் பணம் உள்ளவர்கள். ஆர்கெட்சிங்கரும் ஓட்டினார். ஃபிராங்க் கிரிஸ்வோல்டு என்பவர் ஆல்ஃபா ரோமியோவில் ஜெயித்தார்.

இன்று ஜெயித்தவரைவிட, கவிழ்ந்தவரின் பெயர்தான் அந்தச் சாலையில் நிலைத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் திரும்புகிற கடைசி வளைவில் மில்லிகனின் புகாட்டி டைப் 35 கவிழ்ந்தது. 1920களில் வடிவமைத்த கார் அது. ஒல்லியான டயர், கேபிளால் இழுக்கிற பிரேக். சீட் பெல்ட் கிடையாது, தலைக்கு மேலே காக்கும் இரும்பு வளையம் கிடையாது. மில்லிகன் பெரிய காயம் எதுவும் இல்லாமல் எழுந்து வந்தார். சுத்தமான அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டயரின் பட்ஜெட்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, வளைவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இல்லையென்றால் மில்லிகன் பிறகு செய்த வேலை புரியாது.

ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் போடுவது, வேகம் எடுப்பது, திரும்புவது எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 100 ரூபாய். செலவுக்கு இரண்டு தலைப்பு: ஒன்று பிரேக் (அல்லது ஆக்சிலரேட்டர்), மற்றொன்று திருப்பம்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரணக் கழித்தல் இல்லை, பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு. பிரேக்குக்கு 60 செலவழித்தால் திருப்பத்துக்கு 80 மிஞ்சும். பிரேக்குக்கு 80 என்றால் திருப்பத்துக்கு 60. நூறையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குப் பூஜ்யம். அப்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். ஸ்டியரிங் கெட்டுப்போகவில்லை, கணக்கில் பணம் இல்லை!

வேகமும் இந்தக் கணக்கில் நாம் நினைப்பதைவிட அதிகமாக விழுங்கும். ஒரு வளைவை 60 கி.மீ. வேகத்தில் எடுக்கிறீர்கள். அடுத்த சுற்றில் 72. வேகம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் டயர் கொடுக்க வேண்டிய பிடிப்பு 44 சதவீதம் கூடிவிடும். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற செலவு. "போன சுற்றைவிடக் கொஞ்சம்தான் வேகமாக வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு பாதைக்கு வெளியே நிற்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இனி அமெச்சூர்களின் தவறுகள். பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதலாவது, வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைவது. நேர்ச்சாலையில் பிரேக்கை முடிக்காமல் மிச்சத்தை வளைவுக்குள் எடுத்துப்போவது. கைதேர்ந்தவர்களும் பிரேக்கை வளைவுக்குள் கொண்டு போவார்கள்தான், ஆனால் திருப்பம் கூடக்கூடப் பிரேக்கை அளந்து விடுவார்கள். புதியவருக்கு அந்த அளவு காலில் இருக்காது.

இரண்டாவது, சீக்கிரமே திருப்பிவிடுவது. பயத்தில் வருகிற தவறு இது. வளைவு நெருங்குகிறதே என்று முன்கூட்டியே உள்பக்கம் திரும்பினால் ஆரம்பத்தில் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கார் உள் ஓரத்தைச் சீக்கிரமே தொட்டுவிடும். வளைவில் இன்னும் பாதி பாக்கி இருக்கும். அதற்குப் பிறகு இன்னும் ஒடித்துத் திருப்பினால்தான் சாலைக்குள் நிற்க முடியும். அதற்குப் பிடிப்பு இருக்காது. வெளியேறும் இடத்தில் சாலை தீர்ந்துவிடும். தவறு செய்த இடம் ஒன்று, தண்டனை கிடைக்கிற இடம் வேறு. அதனால்தான் ஓட்டியவருக்கே தன் தவறு எது என்று தெரிவதில்லை.

மூன்றாவது, முன் டயர்கள் வழுக்கும்போது ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிப்பது. ஏற்கெனவே கடனில் இருக்கிறவனிடம் இன்னும் கடன் கேட்பது மாதிரி.

நான்காவதுதான் மிக ஆபத்தானது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பது. எடுத்தவுடன் காரின் எடை முன்பக்கம் சாயும். முன் டயர்கள் தரையை அழுத்திப் பிடிக்கும், பின் டயர்கள் லேசாகிவிடும். மொத்தப் பணம் அப்படியே இருக்கிறது, ஆனால் பின் டயர்களின் கணக்கிலிருந்து முன் டயர்களின் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது. பின்பக்கம் வெளியே வீசும், கார் சுழலும். மனித உடம்பு சொல்வதைக் கேட்டுச் செய்த காரியம் இது. ஆபத்து என்றால் காலை எடு என்று நேர்ச்சாலை நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வளைவில் அதே பாடம் ஆளைக் கவிழ்க்கிறது.

முன் டயர் முதலில் வழுக்குவதற்கு அண்டர்ஸ்டியர் என்றும், பின் டயர் முதலில் வழுக்குவதற்கு ஓவர்ஸ்டியர் என்றும் பெயர். இப்போது பைக் ஓட்டுகிற பையன்கள்கூட இந்த வார்த்தைகளைச் சொல்கிறார்கள். ஆனால் இவை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தன. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளரும் அவருடன் வேலை செய்தவர்களும்தான் இந்த நடத்தையை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள். அதற்கு முன்னால் கார் ஓடத் தொடங்கி நாற்பது வருடம் ஆகியிருந்தது. வழுக்காத நாள் இல்லை. ஆனால் எப்படி வழுக்குகிறது என்று பிரித்துச் சொல்ல வார்த்தைகூட இல்லை!

விமானக்காரர் கேட்ட கேள்வி

மில்லிகன் கார்க்காரர் இல்லை, விமானக்காரர். 1911இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டி 1933இல் அதை ஓட்டினார். அதுவும் விழுந்து நொறுங்கியது. (இவருக்குக் கண்டம் தப்புவதே வேலை போலிருக்கிறது.) எம்.ஐ.டி.யில் படித்தார். போர்க்காலத்தில் போயிங் நிறுவனத்தில் சோதனைப் பறப்புப் பிரிவில் இருந்தார். பிறகு பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். அங்கே அவருடைய வேலை, விமானங்களின் நிலைத்தன்மையையும் கட்டுப்பாட்டையும் பறக்கவிட்டு அளப்பது.

இந்தப் பின்னணிதான் முக்கியம். ஏனென்றால் 1940களில் விமானத்தையும் காரையும் பார்க்கிற பார்வையில் பெரிய வித்தியாசம் இருந்தது. ஒரு விமானம் விமானியின் கைக்கு அடங்கவில்லை என்றால் பொறியாளர்கள் எண்களைக் கேட்பார்கள். கட்டுப்பாட்டை இவ்வளவு அசைத்தால் மூக்கு எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது, அலைந்துவிட்டு நிற்கிறதா, அலைச்சல் கூடிக்கொண்டே போகிறதா என்று கேட்பார்கள். கார் கைக்கு அடங்கவில்லை என்றால்? "இந்தக் கார் சாலையை நன்றாகப் பிடிக்கும்", "அந்தக் கார் கொஞ்சம் முரடு", "அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை". இவ்வளவுதான். காருக்குக் குணம், ஓட்டுநருக்குத் திறமை. நடுவில் கணக்கு என்ற ஒன்று கிடையாது.

மில்லிகன் இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்தவர். வார நாட்களில் விமானத்துக்குக் கேட்கிற கேள்விகளை ஏன் காருக்குக் கேட்கக் கூடாது என்ற நிலைக்கு அவரும் சகாக்களும் வந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்குப் பணம் கொடுக்க முன்வந்தது. காரில் கருவிகளைப் பொருத்தி, ஸ்டியரிங்கை அசைத்து, கார் எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்தார்கள். டயரைத் தனியாக எடுத்து, அது பார்க்கிற திசைக்கும் அது உண்மையில் போகிற திசைக்கும் உள்ள சின்னக் கோண வித்தியாசத்தில் எவ்வளவு பக்கவாட்டு விசை பிறக்கிறது என்று அளந்தார்கள். இந்தக் கோணத்துக்கு ஸ்லிப் ஆங்கிள் என்று பெயர். டயர் திரும்புவதற்கே கொஞ்சம் நழுவித்தான் ஆக வேண்டும் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நழுவல் ஓர் அளவு வரைக்கும் பிடிப்பைக் கூட்டும், அதைத் தாண்டினால் குறைக்கும். எல்லையில் ஓட்டுவது என்றால் இந்த மேட்டின் உச்சியில் நிற்பதுதான்.

1956இல் லண்டனில் இயந்திரப் பொறியாளர்கள் கழகத்தில் மில்லிகனும், அவர் குழுவில் இருந்த லெனர்ட் சீகல், டேவிட் விட்கோம் போன்றவர்களும் தங்கள் ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் என்ன செய்யும் என்பதை முன்கூட்டிக் கணக்குப் போட்டு, பிறகு உண்மையான காரில் அளந்து, இரண்டும் பொருந்துகிறது என்று காட்டினார்கள். இன்று வாகன இயக்கவியல் என்று கல்லூரிகளில் படிப்பிக்கிற பாடத்தின் அஸ்திவாரக் கற்களில் இதுவும் ஒன்று. 1995இல் மில்லிகன் தன் மகன் டக்ளஸோடு சேர்ந்து எழுதிய பந்தயக் கார் இயக்கவியல் புத்தகத்தைப் பந்தயக் கார் வடிவமைக்கும் மாணவர் குழுக்கள் பல நாடுகளில் புரட்டிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தவர் கணக்கில் எழுதிய நஷ்டம்

இதுவரைக்கும் சொன்னதைப் படித்தால் கார் கவிழ்ந்தது நல்லதுக்குத்தான் என்று ஒரு இனிப்பான முடிவுக்கு வரத் தோன்றும். அப்படி வந்துவிடக் கூடாது. ஏனென்றால் அதே ஊர்ச் சாலையில் அடுத்த சில வருடங்களில் நடந்தது வேறு.

1950 பந்தயத்தில் சாம் காலியர் என்ற ஓட்டுநர், ஓட்டிக்கொண்டிருந்த ஃபெராரி சாலையை விட்டு வெளியேறி இறந்துபோனார். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவர முன்னின்ற சகோதரர்களில் ஒருவர் அவர். அப்போதும் பந்தயம் தொடர்ந்தது. ஓட்டுகிறவன் தெரிந்தே எடுக்கிற ஆபத்து என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

1952இல் கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரு கார் உரசியது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இன்னும் பலருக்குக் காயம். அந்தப் பந்தயம் அத்தோடு நிறுத்தப்பட்டது. ஊருக்குள் ஓடுகிற பந்தயமும் அத்தோடு முடிந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த முழுக் கதையிலும் இதுதான் மையமான இடம். பொருளாதார வகுப்பில் புறவிளைவு என்று ஒன்று படிப்போம். ஒருவர் லாபத்துக்காகச் செய்கிற காரியத்தின் செலவு, அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது. மில்லிகனின் தவறுக்கு மில்லிகனின் கார் விலை கொடுத்தது. 1952இல் நடந்ததற்கு விலை கொடுத்தது நடைபாதையில் நின்ற ஒரு குழந்தை. ஓட்டுகிறவரின் துணிச்சலைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது கணக்குப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை.

அதன் பிறகு 1953இல் பந்தயத்தை ஊருக்கு வெளியே மலை மேலுள்ள கிராமச் சாலைகளுக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் 1956இல் 2.3 மைல் நீளத்தில் பந்தயத்துக்கென்றே ஒரு தனிப் பாதை கட்டினார்கள். அதை வடிவமைத்தவர்களில் கார்னெல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர்களோடு யார் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? பில் மில்லிகன்! லண்டனில் ஆய்வுகள் வெளியான அதே வருடம். வளைவில் கவிழ்ந்தவரே வளைவுகளை வரைய உட்கார்ந்தார். 1961இலிருந்து 1980 வரை அமெரிக்காவின் ஃபார்முலா ஒன் பந்தயம் வாட்கின்ஸ் கிளென்னில்தான் நடந்தது. அங்கேயும் மரணங்கள் உண்டு. 1973இல் பிரெஞ்சு ஓட்டுநர் ஃபிரான்சுவா செவேர் இறந்தது அங்கேதான். தனிப் பாதை கட்டியதால் தவறு நின்றுவிடவில்லை. தவறுக்கு விலை கொடுப்பது யார் என்பது மட்டும் மாறியது.

இது அந்த ஓர் ஊரின் கதை மட்டும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் எல்கார்ட் லேக் என்ற ஊரிலும் 1950இலிருந்து 1952 வரை தெருக்களில் ஓட்டினார்கள், பிறகு 1955இல் தனிப் பாதை திறந்தார்கள். இங்கிலாந்தில் போர் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் பந்தயப் பாதைகளாயின. சில்வர்ஸ்டோன் அப்படித்தான் 1948இல் தொடங்கியது. நம் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பல வருடங்கள் பந்தயம் நடந்ததும் போர்க்கால ஓடுதளத்தில்தான். ஓடுதளத்தின் நன்மை என்ன தெரியுமா? அகலமாக, தட்டையாக, மரமோ சுவரோ இல்லாமல் இருக்கும். வழுக்கினால் வழுக்கிக்கொண்டே போய் நிற்கலாம். பாடம் படிக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஜிம் ரஸ்ஸல் என்பவர் 1957இல் பந்தயப் பள்ளி தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஸ்னெட்டர்ட்டனும் ஒரு பழைய விமானத்தளம்தான்.

தெருவுக்கு வந்த கணக்கு

பந்தயப் பாதையில் படித்த பாடம் சாதாரண மக்களின் சாலைக்கு வர இன்னும் ரொம்ப நாள் ஆனது. 1960 மாடலாக விற்பனைக்கு வந்த செவர்லே கார்வேர் காருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது. எடையும் பின்னால். ஆரம்ப மாடல்களின் பின் சக்கர அமைப்பு, கடுமையாகத் திருப்பும்போது சக்கரம் உள்பக்கம் மடங்கக்கூடிய வகை. வளைவில் பின்பக்கம் வீசாமல் இருக்க, முன் டயரில் 15, பின் டயரில் 26 என்று காற்றழுத்தம் வைக்கச் சொல்லியிருந்தது நிறுவனம். பொறியாளருக்கு இது சரியான கணக்கு. ஆனால் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற பையனுக்கு இது தெரியுமா? நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான். ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் கார்தான். அதே காலத்தில் வந்த மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று 1972இல் அரசாங்கத்தின் சோதனை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது ஒன்றுதான். அந்தக் காலத்துக் கார்கள் பலவும் தவறை மன்னிக்காத கார்கள். பழி மட்டும் ஓட்டுநர் தலையில்.

1995இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து மின்னணு நிலைப்படுத்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இ.எஸ்.பி. என்பார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் போகச் சொல்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் வந்தால் ஏதாவது ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டுக் காரை நேராக்கும். ஓட்டுநருக்கு ஒரு காலும் ஒரு பிரேக் பெடலும்தான். இதற்கோ நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக். 1997இல் சுவீடனில் ஒரு பத்திரிகை, எதிரே மான் வந்தால் ஒடித்துத் திருப்புவது மாதிரியான சோதனையில் மெர்சிடிஸ் ஏ கிளாஸைக் கவிழ்த்துக் காட்டியது. அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தச் சின்னக் காரிலும் நிறுவனம் இதைப் பொருத்த வேண்டி வந்தது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். கார் இப்படித்தான் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடத் தெரிந்தால்தான், அப்படித் திரும்பவில்லை என்று கண்டுபிடிக்க முடியும். 1950களின் ஆராய்ச்சிக்கூடங்கள் போட்டுக் கொடுத்தது அந்த மாதிரிக் கணக்கைத்தான்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். இந்தக் கருவி இருக்கிற பட்ஜெட்டைப் பங்கு பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சம்பளத்தை உயர்த்தாது. 60இல் எடுக்க வேண்டிய வளைவுக்கு 90இல் வந்தால் எந்தக் கணினியும் காப்பாற்றாது. பந்தயப் பாதைக்கு வருகிற அமெச்சூர்களில் சிலர் முதலில் செய்கிற வேலை இதை அணைத்து வைப்பது. தனக்கு அது தேவையில்லை என்று நினைப்பு. அணைக்கலாம், தப்பில்லை. ஆனால் அது இதுவரைக்கும் நமக்குத் தெரியாமல் எத்தனை முறை நம் தவறைத் திருத்தியது என்று தெரிந்துகொண்டு அணைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று

வாட்கின்ஸ் கிளென்னின் பழைய சுற்று இன்னும் சாதாரண மக்கள் போகிற சாலையாகவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வேக வரம்புக்குள் ஓட்டிப் பார்க்கலாம். மில்லிகன் வளைவில் இன்று கார்கள் மெதுவாகத் திரும்பிக் கடைத்தெருவுக்குள் போகின்றன.

ஒரு தவறு நடந்தால் நாம் வழக்கமாகக் கேட்பது "யார் தப்பு?" என்ற கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தவுடன் விசாரணை முடிந்துவிடும். திட்டு வாங்க வேண்டியவன் வாங்கிக்கொண்டு போவான், அடுத்த வாரம் வேறொருவன் அதே இடத்தில் கவிழ்வான். மில்லிகனும் அவருடைய குழுவும் கேட்டது "டயர் என்ன செய்தது? எந்த நொடியில்? எவ்வளவு?" என்ற கேள்வி. இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் ஒரு ஆளோடு நிற்காது, எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு ஓட்டியவர் உயிரோடு எழுந்து வர வேண்டும், வேடிக்கை பார்த்தவரும் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும். தவறைப் படிக்க விரும்புகிறவர்கள் அதற்குரிய இடத்தில் போய்ச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. நம் ஊர் மலைப்பாதைகளில், கொண்டை ஊசி வளைவுகளில் இரவு நேரத்தில் பந்தயம் விடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 1952இன் அந்த நடைபாதையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.